நொபொரு கராஷிமா: சோழர் கல்வெட்டுகளை எண்ணிப் படித்த பேராசிரியர்

முதுகலை வரலாறு படிக்கத் தொடங்கியிருக்கும் ஒரு மாணவி இப்படிக் கேட்டிருக்கிறார்: "நொபொரு கராஷிமா என்ற ஜப்பானியப் பேராசிரியரின் கல்விப் பின்னணி என்ன? அவர் எதை ஆராய்ந்தார்? தமிழக வரலாறு பேசும்போது ஏன் எல்லாரும் அவர் பெயரைச் சொல்கிறார்கள்?"

வாழ்க்கைக் குறிப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். கராஷிமா 1933 ஏப்ரல் 24 அன்று பிறந்தார். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் படித்து, பின்னர் அங்கேயே தெற்காசிய வரலாற்றுப் பேராசிரியராகி 1994 வரை பணியாற்றினார். அதன் பிறகு தைஷோ பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 1960-களின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து ஆய்வு செய்தார். 1989 முதல் 2010 வரை உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் தலைவராக இருந்தார். 1995-இல் ஃபுகுவோகா ஆசியப் பண்பாட்டு விருதும், 2013-இல் இந்திய அரசின் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். 2015 நவம்பர் 26 அன்று மறைந்தார்.

இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் கேள்வியின் கடைசிப் பகுதிக்கு இதில் விடை இல்லை. 'தமிழ் பேசிய ஜப்பானியர்' என்ற வியப்போடு அவரை மேடைகளில் அறிமுகப்படுத்துவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனம் வருந்தியிருக்கிறேன். அவர் தமிழ் பேசியது பெரிய செய்தி அல்ல. சோழர் காலத்து ஊர் எப்படி இருந்தது, நிலம் யாரிடம் இருந்தது, அரசன் கை எவ்வளவு தூரம் நீண்டது என்ற கேள்விகளுக்கு விடை தேடும் முறையையே அவர் மாற்றினார். அதுதான் செய்தி.

அவர் எந்தக் கேள்வியோடு இங்கே வந்தார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஐரோப்பியச் சிந்தனையாளர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியக் கிராமத்தைப் பற்றி ஒரு சித்திரம் வரைந்து வைத்திருந்தார்கள். கிராமம் தன்னிறைவு பெற்றது, நிலம் ஊருக்கே பொது, மேலே அரசர்கள் மாறினாலும் கீழே எதுவும் மாறாது என்பது அந்தச் சித்திரம். மார்க்ஸ் பேசிய 'ஆசிய உற்பத்தி முறை' என்ற கருத்தும் இதன்மேல்தான் நின்றது. போருக்குப் பிந்தைய ஜப்பானிய வரலாற்றுலகில் இந்த விவாதம் சூடாக நடந்துகொண்டிருந்தது. ஆசியச் சமூகம் உண்மையிலேயே தேங்கிக் கிடந்ததா என்பது ஜப்பானியருக்கு வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல, தங்களைப் பற்றிய கேள்வியும்கூட. அந்தச் சூழலில் படித்த இளைஞர் ஒருவர், தத்துவத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, சான்று எங்கே இருக்கிறது என்று தேடினார். தென்னிந்தியக் கோயில் சுவர்களில் ஆயிரக்கணக்கில் இருக்கிறது என்று கண்டுகொண்டார்.

சான்று இருக்குமிடம் தெரிந்தால் மட்டும் போதாது, படிக்கத் தெரிய வேண்டும். மத்திய அரசின் கல்வெட்டுத் துறை அலுவலகம் அப்போது உதகமண்டலத்தில் இருந்தது. பின்னர்தான் அது மைசூருக்கு மாறியது. கராஷிமா அங்கே தங்கிக் கல்வெட்டுப் படிக்கக் கற்றார். அந்தப் பயிற்சி என்னவென்று அருகிலிருந்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை புரியும். கல்லை முதலில் தேய்த்துக் கழுவ வேண்டும். நனைத்த தாளைச் சுவரில் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளங்களுக்குள் இறக்க வேண்டும். தாள் அரைகுறையாகக் காய்ந்த பதத்தில் மை தோய்ந்த பந்தை ஒற்றி எடுக்க வேண்டும். எழுத்து வெள்ளையாகவும் சுற்றிலும் கறுப்பாகவும் வரும். இதற்குப் பெயர் மைப்படி. அடுத்து அதை வாசிக்க வேண்டும். மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது. ரகரமும் காலும் ஒரே கோடு. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு கிடையாது. இடையில் கிரந்த எழுத்து வரும். நில அளவு வந்தால் வேலி, மா, காணி, முந்திரி என்று குறியீடுகள் வரும். ஒரு வேலிக்கு இருபது மா, ஒரு மாவுக்கு நான்கு காணி, ஒரு காணிக்கு நான்கு முந்திரி என்ற கணக்கு விரல் நுனியில் இருக்க வேண்டும். முதல்முதலாக ஒரு மைப்படியின் முன்னே உட்கார்ந்தபோது ஒரு வரியைப் படித்து முடிக்க எனக்கு ஒரு முழுப் பிற்பகல் ஆனது. தமிழ் தாய்மொழியாக இருந்தும் அப்படி. இதை ஒரு வெளிநாட்டவர் முதலிலிருந்து கற்றார் என்றால், அவருடைய 'கல்விப் பின்னணி' என்ற தலைப்பின் கீழ் முதல் வரியாக எழுத வேண்டியது பட்டத்தை அல்ல, இந்த உழைப்பைத்தான்.

அதன் முதல் விளைச்சல் 1966-இல் வந்தது. தனிநாயகம் அடிகள் முதலானோர் 1964-இல் தொடங்கிய உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் முதல் மாநாடு கோலாலம்பூரில் நடந்த ஆண்டு அது. திருச்சிக்கு மேற்கே காவிரியின் தென்கரையில் உள்ள அல்லூரையும் அதை ஒட்டியிருந்த ஈசானமங்கலத்தையும் பற்றிய கட்டுரை. அல்லூர் வேளாளர் நிலம் வைத்திருந்த சாதாரண வெள்ளான்வகை ஊர். ஈசானமங்கலம் பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட பிரமதேயம். இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள், ஒரே ஆற்றுப் பாசனம், ஏறத்தாழ ஒரே காலத்துக் கல்வெட்டுகள். பார்த்தால் என்ன தெரிகிறது? அல்லூரில் நிலத்தை விற்பவர்கள் 'ஊரார்'. ஊர் ஒன்றுகூடி விற்கிறது. ஈசானமங்கலத்தில் விற்பவர்கள் தனித்தனி ஆட்கள், தத்தம் பங்கைத் தாமே விற்கிறார்கள். ஆக, 'இந்தியக் கிராமத்தில் நிலம் பொது' என்ற வாக்கியமும் தவறு, 'தனியுடைமை' என்ற வாக்கியமும் தவறு. எந்தக் கிராமம் என்று கேட்காமல் பேசவே முடியாது.

இங்கே கொஞ்சம் நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் இந்தக் கட்டுரையின் பலம் அதன் எளிமையில் இருக்கிறது. நம் பாடப்புத்தகங்களில் சோழர் கால ஊராட்சி என்றாலே உத்திரமேரூர்க் குடவோலைதான். முதலாம் பராந்தகன் காலத்தில், 919-இலும் 921-இலும் பொறிக்கப்பட்ட அந்தக் கல்வெட்டுகள் அருமையானவை, சந்தேகமில்லை. ஆனால் அவை ஒரு பிரமதேயத்தின் சபை எப்படி நடந்தது என்று சொல்கின்றன. அதை எடுத்துச் சோழநாட்டு ஊர்கள் அத்தனையும் குடவோலை போட்டுத் தேர்தல் நடத்தின என்று சொல்ல அந்தக் கல்லில் ஓர் எழுத்துகூட இல்லை. அழகான ஒரு கல்வெட்டு கையில் கிடைத்ததும் அதையே காலம் முழுவதற்கும் நாடு முழுவதற்கும் விரித்துவிடும் பழக்கம் நமக்கு இன்னும் போகவில்லை. பக்கத்து ஊரையும் பார் என்று கராஷிமா சொன்னார்.

அதே கண்ணோடு அவர் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனார். அங்கே முதலாம் இராசராசன் கோயிலுக்கு விட்ட ஊர்களின் பட்டியல் சுவரில் இருக்கிறது. ஒவ்வோர் ஊரின் நிலமும் முந்திரிக்கும் கீழ்ப்பட்ட பின்னம் வரை அளந்து சொல்லப்பட்டிருக்கிறது. அதில் வரி விதிக்கப்படாத பகுதிகளைக் கழித்துக் காட்டும் இடத்தில்தான் ஊர் கண்முன் எழுகிறது. ஊர்நத்தம், ஸ்ரீகோயில், குளம், ஊடறுத்துப் போன வாய்க்கால், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு என்று வரிசையாக வருகிறது. சில ஊர்களில் தீண்டாச்சேரி என்ற சொல்லே வருகிறது. வரிக்கணக்கு எழுதிய அதிகாரி சமூக வரலாறு எழுத உட்காரவில்லை. ஆனால் குடியிருப்புகள் எப்படிப் பிரிந்திருந்தன, கைவினைஞர் எங்கே இருந்தார்கள், யாரை ஊர் ஒதுக்கி வைத்தது என்பதெல்லாம் அந்தக் கழித்தல் கணக்கில் பதிந்துவிட்டது. பெரிய கோயிலின் உயரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பும் ஆயிரம் பேரில் ஒருவராவது அந்த அடித்தளத்து எழுத்துகளைக் குனிந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

அடுத்த கட்டம்தான் அவரை மற்றவர்களிடமிருந்து தனித்துக் காட்டியது. தமிழில் 'எண்ணுதல்' என்ற சொல்லுக்குக் கணக்கிடுவது, சிந்திப்பது என்று இரு பொருளும் உண்டு. கராஷிமா விஷயத்தில் இரண்டும் ஒரே வேலை.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1929 முதல் 1946 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த நீலகண்ட சாஸ்திரி, 1930-களில் சோழர்களைப் பற்றிய பெருநூலை எழுதினார். வலுவான பேரரசு, கீழே உயிர்ப்பான ஊராட்சி என்பது அவர் தந்த படம். 1980-இல் அமெரிக்க அறிஞர் பர்ட்டன் ஸ்டைன் அதைத் தலைகீழாகப் புரட்டினார். சோழ மன்னனுக்குத் தலைநகரைச் சுற்றித்தான் உண்மையான அதிகாரம், மற்ற இடங்களில் சடங்கு முதன்மை மட்டுமே, சில ஊர்கள் சேர்ந்த 'நாடு' என்ற வட்டாரம் ஒவ்வொன்றும் தன்னளவில் தனித்து இயங்கியது என்றார். இருவரும் கல்வெட்டுகளைத்தான் சான்று காட்டினார்கள். எப்படி இது முடிந்தது? தமக்கு வேண்டியதை எடுத்துக் காட்ட முடிந்த அளவு கல்வெட்டுகள் மலைபோல் குவிந்திருந்ததால் முடிந்தது.

கராஷிமாவின் பதில்: பொறுக்காதே, எல்லாவற்றையும் எடு. பி. சீதாராமனோடு சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் வரிச் சொற்களைத் திரட்டினார். கடமை, குடிமை, அந்தராயம், வெட்டி, முட்டையாள், எச்சோறு என்று நூற்றுக்கணக்கான சொற்கள். எந்தச் சொல் எத்தனை முறை, எந்த வட்டாரத்தில், எந்த அரசன் காலத்தில் வருகிறது என்று பட்டியலிட்டார். ஒய். சுப்பராயலு, தோரு மட்சுய் இருவரோடும் சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்கள் அனைத்துக்கும் ஓர் அடைவை 1978-இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். வீட்டுக்கு வீடு கணினி இல்லாத காலம் அது.

இந்த வேலையின் அடிப்படையில் அவர்கள் சோழர் காலத்தை நான்காகப் பிரித்தார்கள்: 850 முதல் 985 வரை, 985 முதல் 1070 வரை, 1070 முதல் 1178 வரை, 1178 முதல் 1279 வரை. இந்த எல்லைகளைச் சாதாரணமாக நினைக்கக்கூடாது. 985 முதலாம் இராசராசன் அரியணை ஏறிய ஆண்டு. 1070 முதலாம் குலோத்துங்கன். 1178 மூன்றாம் குலோத்துங்கன். 1279 சோழ அரசின் முடிவு. 'சோழர் காலத்தில்' என்று நானூறு ஆண்டுகளை ஒரே மூச்சில் சொல்லிவிடும் வாக்கியங்களுக்கு இந்தப் பகுப்பு முற்றுப்புள்ளி வைத்திருக்க வேண்டும். இன்னும் வைக்கவில்லை என்பது நம் குறை.

ஒரே ஒரு சொல்லை எடுத்துக் காட்டினால் முறை விளங்கும். 'மூவேந்தவேளான்' என்பது அரசன் கொடுத்த பட்டம். அதைத் தாங்கியவர்களின் பெயர் பெரும்பாலும் 'இன்ன ஊர் உடையான், இன்னார் ஆன இன்ன மூவேந்தவேளான்' என்ற அமைப்பில் இருக்கும். 'உடையான்' என்றால் அந்த ஊரில் நிலம் உடையவன். அதாவது ஒரே மனிதன் உள்ளூரில் நிலக்கிழான், அரசவையில் அதிகாரி. ஒரு கல்வெட்டில் இதைப் பார்த்தால் தனி மனிதர் கதை. நூற்றுக்கணக்கில் பார்த்து, எந்தக் காலத்தில் கூடுகிறது, எந்தக் காலத்தில் குறைகிறது என்று கணக்கிட்டால் அரசின் கதை. இராசராசனும் அவனுக்குப் பின் வந்தவர்களும் உள்ளூர் நிலக்கிழார்களைத் தம் நிர்வாகத்துக்குள் இழுத்துக்கொண்டார்கள் என்று இந்தக் கணக்கு காட்டியது. வளநாடு என்ற புதிய பிரிவு, நில அளவை, புரவுவரித் திணைக்களம் என்ற வருவாய்த் துறை எல்லாம் இதோடு ஒத்துப்போயின. மையப்படுத்த முயன்ற அரசு ஒன்று உண்மையிலேயே இருந்தது, வெறும் சடங்கு அல்ல என்பது அவர் முடிவு. பதின்மூன்றாம் நூற்றாண்டுக்கு வந்தால், காவிரியின் கீழ்ப்பகுதியில் தனியார் பெரும் நிலங்களைச் சேர்த்துக்கொண்டதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. அல்லூரில் ஊராரிடம் இருந்த நிலத்தை நினைத்துக்கொண்டு இதைப் படித்தால், மாறாத கிராமம் என்ற பழைய சித்திரம் அங்கேயே உதிர்ந்துவிடுகிறது.

இந்த முறைக்கு எல்லைகள் உண்டு. அழியாமல் நின்ற, படியெடுக்கப்பட்ட, அச்சான கல்வெட்டுகளைத்தான் எண்ண முடியும். கோயில் சுவரில் இருப்பது கோயிலைத் தொட்ட விவகாரம். கோயிலுக்கு நிலமோ பொன்னோ கொடுக்க வழியில்லாத உழவன் அந்தக் கணக்கில் வரமாட்டான். இதை அறியாமல் அவர் எண்ணவில்லை. ஆனாலும் எண்ணிக்கை தரும் உறுதியில் சில வாசகர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

அவருடைய விஜயநகர ஆய்வுகளுக்கு வருகிறேன். சுப்பராயலு, ப. சண்முகம் ஆகியோரோடு சேர்ந்து விஜயநகரக் காலத்து வரிச் சொற்களையும் இதே முறையில் அலசினார். பின்னர் நாயக்கர்களின் பெயர் அடைவையும் தொகுத்தார். நாயக்கர்களை நிலப்பிரபுக்களாகப் பார்த்து, அங்கே ஒரு புதிய சமூக அமைப்பு உருவானது என்று வாதிட்டார். தரவுகள் பொன்னானவை. 'நிலப்பிரபுத்துவம்' என்ற பெயர்ச்சீட்டு அவ்வளவு பொருந்துகிறதா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் தைத்த சட்டை இங்கே தோளில் இறுக்குகிறது என்றே நினைக்கிறேன்.

ஆனால் அதே காலத்தைப் பற்றி சுப்பராயலுவோடு சேர்ந்து அவர் எழுதிய ஒரு கட்டுரையை எந்த மாணவரும் தவறவிடக்கூடாது. 1429-இல் காவிரிப் பகுதியிலும் விருத்தாசலம் வட்டாரத்திலும் வலங்கை, இடங்கை என்ற இரு பெரும் சாதித் தொகுதிகளின் மக்கள் ஒன்றுகூடி வரிக்கொடுமையை எதிர்த்தார்கள். கொறுக்கை, ஆடுதுறை முதலிய ஊர்க் கோயில்களில் அவர்களுடைய தீர்மானமே கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. அரசு அதிகாரிகளான இராசகரத்தாரும், நிலவுரிமை பெற்ற பிராமண, வேளாளக் காணியாளரும் சேர்ந்து தங்களை வருத்துவதாகச் சொல்கிறார்கள். அப்படி வருத்துவோருக்குப் புகலிடம் தரக்கூடாது, கணக்கெழுதிக் கொடுக்கக்கூடாது என்று கட்டுப்பாடு விதிக்கிறார்கள். சாதாரணமாக ஒன்றோடொன்று மோதும் வலங்கையும் இடங்கையும் இங்கே ஒரே பக்கம் நிற்கின்றன. உழைத்து வரி கட்டியவர்களின் குரல் இவ்வளவு நேரடியாகக் கேட்கும் கல்வெட்டுகள் மிகச் சிலவே. முதன்முறை படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

கடைசிக் காலத்தில் அவர் கடற்கரைக்கு நகர்ந்தார். இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்திலும் பிற கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் சீனப் பீங்கான் ஓடுகளைத் தேடினார். பதின்மூன்றாம், பதினான்காம் நூற்றாண்டுச் சீன ஓடுகள் பெரியபட்டினத்து மணலில் கிடைத்தன. சீனப் பயணி வாங் தாயுவான் குறித்த ஒரு துறைமுகம் இந்த ஊர்தான் என்று அடையாளம் கண்டார். ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவின் கல்வெட்டுகளைத் தென்னிந்தியாவிலும் வெளியிலும் திரட்டும் கூட்டுமுயற்சிக்குத் தலைமை ஏற்றார். சுமத்ராவின் பாருஸ் பகுதியில் கிடைத்த 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டையும், சீனத்தின் சுவான்சௌ நகரில் கிடைத்த 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இருக்கும் கடலை நிரப்ப உள்ளங்கையில் அடங்கும் ஓட்டுச் சில்லும் உதவும் என்று காட்டியது இந்தத் திட்டம்.

2010-ஐப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் அவரை அந்தச் செய்தியால் மட்டுமே அறிவார்கள். கோவையில் உலகத் தமிழ் மாநாடு நடத்தத் தமிழக அரசு விரும்பியது. ஆய்வு மாநாடு ஒன்றுக்கு அறிஞர்கள் கட்டுரை எழுதக் கொடுக்கும் காலம் போதாது, இன்னும் அவகாசம் வேண்டும் என்றார் கராஷிமா. இணக்கம் ஏற்படவில்லை. அந்த ஆண்டு ஜூனில் செம்மொழி மாநாடு தமிழாராய்ச்சி மன்றத்தின் பெயர் இல்லாமலே நடந்தது. அவர் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். 1995-இல் தஞ்சை மாநாட்டை அரசோடு சேர்ந்து நடத்தியவர் அவர், அரசு மேல் பகை கொண்டவர் அல்ல. நாற்பது ஆண்டு பட்டியல் போட்டு எண்ணியவருக்கு அவசரக் கட்டுரை எப்படி இருக்கும் என்று தெரியும். அவர் செய்தது சரி என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். தமிழகத்தில் கல்வெட்டுப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துவருவதைப் பற்றியும், படியெடுத்தும் அச்சாகாமல் கிடக்கும் கல்வெட்டுகளைப் பற்றியும் அவர் வெளிப்படையாகக் கவலைப்பட்டார். மேடை வியப்புரைகளை விட இந்தக் கவலையைத்தான் நாம் வாங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

மாணவிக்கு ஒரு வழி சொல்கிறேன். 2014-இல் அவர் தொகுத்து வெளியான சுருக்கமான தென்னிந்திய வரலாறு நல்ல நூல், ஆனால் அதில் தொடங்க வேண்டாம். 1984-இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட அவருடைய முதல் கட்டுரைத் தொகுப்பை நூலகத்தில் எடுத்து, அல்லூர், ஈசானமங்கலம் கட்டுரையை மட்டும் இரண்டு முறை படியுங்கள். அவர் சான்றாகக் காட்டும் கல்வெட்டு எண்களைக் குறித்துக்கொண்டு, தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளில் மூலத்தைத் தேடுங்கள். விற்றவர் யார், வாங்கியவர் யார், எல்லை எது, விலை என்ன என்று நான்கு பத்தி போட்டு நீங்களே ஒரு பட்டியல் எழுதுங்கள். பிறகு அவர் பட்டியலோடு ஒப்பிடுங்கள். எங்காவது அவரோடு முரண்பட்டால், அந்த வரியை அடிக்கோடிட்டு உங்கள் ஆசிரியரிடம் கொண்டுபோங்கள்.